தாயைத் தொடாதே

என் அக்கா மகனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். எல்லோருக்கும் அவன் தந்தி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் சுவரிலிருந்து விழுந்து, தொங்குகிற கையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அழுகை இல்லை, அலறல் இல்லை. "கை. ஒடிஞ்சிருச்சு. டாக்டர்," என்றான். என் மனைவி உள்ளே பார்த்து, "ஏங்க, தந்தி வந்திருக்கு, எழுந்து வாங்க," என்று குரல் கொடுத்தாள். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான்.

இது எங்கள் ரத்தத்தில் இருப்பது. எங்கள் அப்பாவின் அத்தை ஒருத்தி இருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் ஏதேதோ கேட்டதற்கு எல்லாம் தலையை ஆட்டிவிட்டு, கடைசியில் "சரி" என்றாளாம். அந்த "சரி"யை வைத்துக்கொண்டே அவள் புருஷன் ஒரு ஆயுள் குடித்தனம் நடத்தினார். அவளுடைய சின்ன மகன், எனக்கு மாமா முறை, வீட்டில் பாம்பு புகுந்தபோது விரலால் காட்டினாரே தவிர வாயைத் திறக்கவில்லை. தந்தியின் அப்பா மட்டும் இதற்கெல்லாம் எதிர். பஸ் கண்டக்டர். வாய் ஓயாது. மகனுக்கு மீசை முளைக்கிறதற்குள் அவர் போய்விட்டார். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வியாபாரம் பார்த்து அக்காதான் அவனைப் படிக்க வைத்தாள். அவன் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தாள், அடுத்த வருஷம் அவளும் போனாள். அதற்குப் பிறகு அவன் பக்கத்துப் பெரிய மனிதன் என்று சபையில் உட்கார நான் ஒருவன்தான்.

அவனுக்கு வாய்த்தவள் வீட்டுப் படம் வரைகிறவள். கட்டிடம் கட்டுகிற இன்ஜினீயர் ஒருவரிடம் வேலை. எந்தச் சுவர் எங்கே வரும், கதவு எந்தப் பக்கம் திறக்கும், தண்ணீர் எந்தக் குழாயில் போகும் என்று காகிதத்திலேயே ஒரு குடும்பத்தைக் குடிவைத்துவிடுவாள். பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. இவன் ஒரு வார்த்தை போடுவான், மீதியை அவள் போட்டு வாக்கியமாக்கி எங்களிடம் கொடுப்பாள். புருஷனுடைய தாய்மாமன் என்கிற முறைக்கு என்னைப் "பெரியப்பா" என்பாள். அவனை நாலு பேர் முன்னாலும் "நீ, வா, போ" என்றுதான் கூப்பிடுவாள். கேட்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

முதலில் ஒரு பிள்ளை வயிற்றில் தங்காமல் போயிற்று. அப்போது மூன்று மாதம்கூட இல்லை. இரண்டாவது தங்கியது. தங்கியதோடு அவளுக்கு ரத்த அழுத்தமும் சேர்ந்து ஏறியது. "பிரசவத்துக்குப் புருஷன் பக்கத்துலயே இருக்கட்டும், இந்தப் பொண்ணு பயந்தா பிரஷர் இன்னும் ஏறுது," என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரே சொல்லிட்டாங்க. அன்னிக்கு உன் ஆபீஸ் தீப்பிடிச்சு எரிஞ்சாலும் நீ நகரக் கூடாது," என்று என் எதிரிலேயே அவனிடம் சத்தியம் வாங்கினாள். அவன் "ம்" என்றான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய சொற்பொழிவு.

இனி அவன் வேலையைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மற்றது புரியாது. எனக்கு அவன் துண்டு துண்டாகச் சொன்னதை நான் ஒட்டிவைத்துச் சொல்கிறேன்.

ஊர் ஊராகப் பஸ் விடுகிற ஒரு கம்பெனியில், இன்டர்நெட்டில் டிக்கெட் போடுகிற பக்கம் அவன் பொறுப்பு. அங்கே சர்வர் என்று ஒன்று உண்டு. சர்வர் என்றால் எனக்குத் தெரிந்தது ஓட்டலில் "என்ன சாப்பிடறீங்க" என்று வந்து நிற்கிறவர்தான். அப்படிச் சொல்லிச் சிரித்தேன். "அதேதான்," என்றான். யார் வந்தாலும் முதலில் போய் நிற்பது சர்வர். உள்ளே சமைக்கிறது வேறு ஆள். அது டிக்கெட் போடுகிற ப்ரோக்ராம். சர்வரையும் சமையலையும் எப்படி இணைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறதாம்.

அந்தக் கம்பெனியில் முன்பு இருந்த முறை விசித்திரமானது. ஒவ்வொரு ஆள் வந்து உட்காரும்போதும் ஒரு புது சமையல்காரர் பிறப்பார். அடுப்பு மூட்டி, சமைத்துக் கொடுத்து, அங்கேயே செத்துப்போவார். அடுத்த ஆளுக்கு அடுத்த பிறப்பு. கூட்டம் இல்லாத நாளில் தெரியாது. விடுமுறைக் காலத்தில் பிறக்கிறதும் சாகிறதுமே பெரிய நெரிசலாகி, சாப்பாடு மேஜைக்கு வராது. இதை மாற்றியே ஆக வேண்டும் என்று ஆனது.

மாற்ற இரண்டு வழி. ஒன்று, சர்வர் தலையிலேயே அடுப்பைத் தூக்கி வைத்துவிடுவது. கேட்கிறவரும் அவரே, சமைக்கிறவரும் அவரே. இன்னொன்று, சமையலறையைத் தனியாகக் கட்டி, நடுச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல் வைப்பது. சர்வர் ஜன்னலில் சீட்டை நீட்டுவார், உள்ளேயிருந்து தட்டு வரும். சமையலறைக்கென்று தனி மேஸ்திரி. அங்கே எவனாவது அசையாமல் நின்றுவிட்டால் மேஸ்திரியே அவனை அப்புறப்படுத்தி வேறு ஆளைப் போட்டுக்கொள்வார். வெளியே சர்வருக்கு ஒன்றும் தெரியாது.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. சர்வர் ஒற்றை ஆள் இல்லை. ஒரு தாய், அவள் பெற்ற பிள்ளைகள். வருகிறவர்களைக் கவனிப்பது பிள்ளைகள். தாய் யாரையும் கவனிக்க மாட்டாள். எத்தனை பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒன்று செத்தால் உடனே ஒன்றைப் பெறுவாள். நானாகக் கட்டிச் சொல்லவில்லை. அந்தத் தொழிலிலேயே தாய், பிள்ளை, அநாதை, கொல்லுதல் என்றுதான் பேச்சாம். மற்ற ஆபீஸ்களில் எல்லாம் அதை இங்கிலீஷில் சொல்வார்கள். இவன் ஆபீஸில் முதன்முதலில் அந்தக் கம்ப்யூட்டரை நிறுவிய ஒரு கிண்டல்காரர் எல்லாவற்றையும் தமிழில் சொல்லிப் பழக்கிவிட்டுப் போயிருந்தார். "ரெண்டு பிள்ளை செத்துச்சு, தாய் நல்லா இருக்கா," என்று சாதாரணமாகப் பேசுவார்கள். ஒருமுறை அவனைப் பார்க்கப் போனபோது என் காதாலேயே கேட்டேன். "இதென்னடா ஆபீஸா, சுடுகாடா?" என்றேன். அங்கே இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

ஜன்னல் வைக்கிற முறைதான் நல்லது என்று தந்திக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். மேலாளர் கேட்டார், "ஜன்னலுக்கு எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு மாசம் வரும்."

"அடுப்பைத் தலையில வைக்கிறதுக்கு?"

"இந்த வாரம்."

"இதுல எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நீயே முடிவு பண்ணு."

ஒரு மாதம் போனால் அவளுடைய பிரசவ நாள் வந்துவிடும். பாதி வேலையில் லீவு கேட்க முடியாது. இவன் அடுப்பைத் தலையில் வைத்தான். சொன்னபடி அந்த வாரமே முடித்தான். டிக்கெட்டும் பறந்தது. மேலாளர் முதுகில் தட்டி லீவு கொடுத்தார். மருமகள் எனக்குப் போன் போட்டு, "பெரியப்பா, உங்க தந்தி லீவு வாங்கிட்டான்! நம்பவே முடியல, கேலண்டர்ல வட்டம் போட்டுக் காட்டறான்," என்று சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது.

வட்டம் போட்ட நாள் வரைக்கும் அவள் உடம்பு பொறுக்கவில்லை. கால் வீங்கி, கண் மங்கி, ஒரு காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதே நாளில்தான் தொடர் விடுமுறைக்கான டிக்கெட் பதிவையும் திறந்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு மாடியில் இருந்தது. நீளமான நடை. ஒரு பக்கம் பச்சை பெயின்ட் அடித்த பெஞ்சுகள். கடைசியில் ஆடுகிற இரட்டைக் கதவு, அதில் முகம் மட்டும் தெரிகிற அளவுக்குக் கண்ணாடி. மத்தியானம், நான் கீழே டீ வாங்க வரிசையில் நின்றிருந்தேன். ஆகவே நடந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் பிறகு சொன்னதை வைத்துச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் ஒன்றையேதான் சொன்னார்கள். அதில்தான் வினையே.

டாக்டரம்மா வெளியே வந்து, "குழந்தையோட துடிப்பு குறையுது. உடனே ஆபரேஷன் பண்ணணும். தாய் உயிருக்கும் ஆபத்து இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சம்பந்தியம்மா, மருமகளைப் பெற்றவள், மருந்துக் கடைக்கு ஓடினாள். தந்தி கதவருகில் நின்றான். அப்போது போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. மறுபடியும் எடுக்கவில்லை. விடாமல் வந்துகொண்டே இருந்ததும், இங்கிருந்தால் உள்ளே சத்தம் கேட்கும் என்று நடையின் மறுகோடியில் இருந்த ஜன்னலுக்குப் போய் எடுத்தான்.

ஆபீஸில் இவன் இடத்தில் உட்கார்ந்திருந்தது புதிதாகச் சேர்ந்த பெண். அழுகிற குரல். பேங்கிலிருந்து பணம் வந்ததா இல்லையா என்ற பதில் வராமல் சர்வர் பிள்ளைகள் ஒவ்வொன்றாக அப்படியே நின்றுவிட்டன. அடுப்பு தலையில் இருக்கிறதே, அதை இறக்காமல் அடுத்த மேஜைக்குப் போக முடியாது. டிக்கெட் வேண்டாம், பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்க்க வந்தவனுக்குக்கூடப் பதில் சொல்ல ஆள் இல்லை. மொத்தக் கடையும் ஊமை. மேலாளர் அவள் தலைக்குப் பின்னால் நின்று கத்துகிறார்.

இவன் ஜன்னலைப் பார்த்தபடி, வழக்கமான குரலில் சொன்னது இவ்வளவுதான்:

"பிள்ளையைக் கொன்னுடு. ஆமா. யோசிக்காதே, கொன்னுடு. தாயைத் தொடாதே. தாய் இருந்தா வேற பிள்ளை பெத்துக்குவா."

மருந்துப் பையோடு படியேறி வந்த சம்பந்தியம்மா அவன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

வேறு எவனாக இருந்தாலும் நாலு வார்த்தை கூடப் பேசியிருப்பான். "அந்த சர்வர்ல, பேங்க்ல மாட்டின அந்தப் பிள்ளையை" என்று ஏதாவது ஒன்று சேர்ந்திருக்கும். கேட்டவளுக்கு ஏதோ ஆபீஸ் பேச்சு என்று ஒரு மூலையில் தட்டியிருக்கும். இவன் தந்தி. தேவையில்லாத சொல் ஒன்றும் விழவில்லை.

அவன் திரும்பிக் கதவுக்கு வந்தபோது மருமகளை ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

பெண் குழந்தை. அழவில்லை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, துடிப்பு முன்பே இறங்கிவிட்டது, யார் கையிலும் ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். தந்தி துணியோடு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அதே பச்சை பெஞ்சில் உட்கார்ந்தான். கண்ணில் சொட்டு இல்லை. எங்கள் வழியில் யாருக்கும் வருவதில்லை. அதையும் சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து மகளை நேராகத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். உடம்பு தேறட்டும் என்று நாங்களும் விட்டோம். இவன் போனால் முன்னறையில் உட்காரவைத்து, "தூங்கறா" என்பாள். அடுத்த வாரம் போனாலும் "தூங்கறா". ஒருநாள் பொறுக்காமல் நானே போன் போட்டேன்.

"ஏன் தங்கச்சி, பொண்ணு எப்பப் பாத்தாலும் தூங்குதாமே. தூக்க மாத்திரை ஏதும் குடுக்கறீங்களா?"

சம்பந்தியம்மா வெடித்தாள். "அண்ணே, உங்க மருமகன் உள்ள போன டாக்டருக்குப் போன்ல சொன்னதை நான் என் ரெண்டு காதாலயும் கேட்டேன். பிள்ளையைக் கொன்னுடுன்னான். அவளுக்கு வேற பெத்துக்கத் தெரியும்னான். என் பொண்ணு என்ன அவனுக்கு மிஷினா? இனிமே அந்த வீட்டுப் படி அவ ஏற மாட்டா."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அது பாதியிலேயே நின்றது. "ஐயோ, தங்கச்சி, அது கம்ப்யூட்டர்!" என்றேன்.

"கம்ப்யூட்டருக்கு ஏது தாயும் பிள்ளையும்? காது குத்தறதுக்கு வேற ஆளைப் பாருங்க."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனை இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன், "டேய், இன்னிக்கு மட்டும் வாயைத் திற. ரெண்டு நாளைக்குச் சேர்த்துப் பேசினாலும் தப்பில்ல. உன் குடும்பம் இன்னிக்கு உன் நாக்குல தொங்குது." "ம்," என்றான். எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

மூன்றாவது மாடி. சம்பந்தி லிஃப்ட் மெக்கானிக், ஆனால் அவர் குடியிருந்த கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. வழக்கமாக அதைச் சொல்லி அவரை ஓட்டுவேன். அன்றைக்கு மூச்சு வாங்க ஏறிப் பேசாமல் உட்கார்ந்தேன். முன்னறையில் நாலு நாற்காலி, ஜன்னலோரம் மருமகள் படம் வரைகிற சாய்வு மேஜை. அவள் உள்ளேயிருந்து வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். "வாங்க பெரியப்பா," என்றவள் அவன் பக்கம் பார்த்து, "வாங்க," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அவனுக்கு மரியாதை கொடுத்து நான் கேட்டதே இல்லை.

சம்பந்தி ஆரம்பித்தார். "நானும் மிஷின்காரன்தான் மாப்பிள்ளை. லிஃப்ட் நடுவுல நின்னா 'மாட்டிக்கிச்சு'ம்போம், 'கயிறு போச்சு'ம்போம். கொல்லுன்னு எந்த மிஷின்காரனும் சொல்லி நான் கேட்டதில்ல."

"அங்க அப்படித்தான் மாமா."

"எங்க?"

"சர்வர்ல."

சம்பந்தியம்மா எழுந்துவிட்டாள். "பாத்தீங்களா? இதான் இவர் விளக்கம். போதும்."

"இரும்மா," என்றாள் மருமகள். சாய்வு மேஜைக்குப் போய் ஒரு காகிதத்தை விரித்தாள். "வாயால வேண்டாம். வரைஞ்சு காட்டுங்க."

அவன் பென்சிலை எடுத்தான். வார்த்தைதான் வராதே தவிர, கை வரும். தாய் ஒரு கட்டம், பிள்ளைகள் சுற்றி நிறையக் கட்டங்கள், ஒவ்வொரு பிள்ளைக் கட்டத்துக்குள்ளும் ஒரு அடுப்பு. பேங்கிலிருந்து பதில் வராமல் நிற்கிறதைக் குறுக்குக் கோடு போட்டுக் காட்டினான். எல்லாக் கட்டமும் குறுக்குக் கோடாயிற்று. "இதுல இதை எடுத்தா," என்று ஒரு பிள்ளைக் கட்டத்தை அழித்தான், "தாய் புதுசு போடுவா." அழித்த இடத்தில் இன்னொரு கட்டம். "தாயை எடுத்தா எல்லாம் போச்சு. அதான் தொடாதேன்னேன்."

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

சம்பந்தி எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "அட, ஆமா. இது அப்படித்தான் போலிருக்கு," என்றார் மனைவியிடம். தொழில்காரர், கோடு பேசினால் அவருக்குப் புரியும். அந்த அம்மா காகிதத்தைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "பாவி நான். மாப்பிள்ளை, நான் வேற மாதிரி... நீங்க அன்னிக்கு அழவே இல்லையே, அதான்..."

"பரவால்ல அத்தை," என்றான்.

எனக்கு ஒரு பாறையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. சம்பந்தி டீ போட உள்ளே போனார். "பின்ன என்ன, ஒரு நல்ல நாளா பார்த்துப் பொண்ணைக் கூட்டிட்டுப் போறோம்," என்று நான் எழுந்தேன்.

மருமகள் மட்டும் காகிதத்தை விட்டு அசையவில்லை. வீட்டுப் படத்தில் தப்பைக் கண்டுபிடிக்கும்போது பார்க்கிற பார்வை அது.

"இதென்ன, ஒவ்வொரு அறைக்குள்ளயும் அடுப்பா? எங்க இன்ஜினீயர்கிட்ட இப்படி வரைஞ்சு குடுத்தா மூஞ்சியிலயே எறிவார். சமையலறையைத் தனியாப் போட முடியாதா?"

"முடியும்."

"போடுங்க பாக்கலாம்."

பக்கத்திலேயே இன்னொரு படம் வரைந்தான். சர்வர் ஒரு வீடு, சமையல் ஒரு வீடு, நடுவில் ஜன்னல், உள்ளே மேஸ்திரி. நேர்த்தியாக இருந்தது. அவன் எத்தனையோ தடவை அதை மனதுக்குள் வரைந்து பார்த்திருக்க வேண்டும்.

"இதுல மாட்டிக்கிட்டா யாரைக் கூப்பிடுவாங்க?"

"யாரையும் இல்ல. தானா சரியாகும்."

"அப்ப அன்னிக்கு உங்களுக்குப் போன் வந்திருக்காது."

"வந்திருக்காது."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

நான் அவன் காலை மிதித்தேன். அவனுக்கு உறைக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் இதை வைக்கல?"

"ஒரு மாசம் ஆகும். உனக்கு நாள் நெருங்கிட்டிருந்தது. பக்கத்துல இருக்கணும்னு சொன்னே."

"அப்ப எனக்காகத்தான் இந்த அடுப்பு."

"ஆமா."

அந்த இடத்தில் உலகத்தில் எந்தப் புருஷனாக இருந்தாலும் ஒரு பொய் சொல்லியிருப்பான். மேலாளர் கட்டாயப்படுத்தினார், எனக்குத் தோன்றவில்லை, கம்ப்யூட்டர் பழசு என்று எதையாவது தலையில் கட்டியிருப்பான். இவன் உள்ளதைச் சொன்னான், அதுவும் ஒரே வார்த்தையில்.

அவள் பென்சிலை வாங்கி மேஜையில் வைத்தாள். குரல் உயரவே இல்லை. "அம்மா சொன்னதை நான் என்னைக்கும் நம்பல. நீங்க அப்படிச் சொல்ற ஆள் இல்லன்னு எனக்குத் தெரியாதா? என்னைத் தள்ளிட்டுப் போகும்போது அந்தக் கண்ணாடி வழியா உங்களைத் தேடினேன். முதுகு தெரிஞ்சுது, தூரத்துல. கூப்பிட்டேன். கதவு ஆடுற சத்தத்துல கேட்கல போல. அதுக்கு ஒரு காரணம் இருக்கும், அதை நீங்க வந்து சொல்லுவீங்க, நான் நல்லா சண்டை போட்டுட்டு வந்துடலாம்னு இத்தனை நாளா காத்துட்டிருந்தேன்."

"போடு," என்றான் அவன்.

"எதுக்குப் போடறது? பக்கத்துல இருக்கணும்னு செஞ்சதாலதான் பக்கத்துல இல்லாமப் போனீங்க. இதுக்கு யார்கிட்டப் போய் நான் கோவிச்சுக்கறது? உங்ககிட்ட முடியாது. என்கிட்டதான் முடியும். இனிமே உங்க முகத்தைப் பார்க்கறப்ப எல்லாம் என்கிட்டயே கோவிச்சுட்டு என்னால குடித்தனம் பண்ண முடியாது."

"அடியே, என்ன பேச்சு இது," என்று அவள் அம்மா பதறினாள். "அதான் அவர் மேல தப்பு இல்லன்னு ஆயிடுச்சே!"

"தப்பு இருந்திருந்தா மன்னிச்சிருப்பேன்மா."

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை. படியிறங்கும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கை ஒடிந்த அன்றைக்குக்கூட அவன் அப்படிப் பிடித்ததில்லை.

அதற்குப் பிறகு நான் பல தடவை அந்த மூன்று மாடி ஏறினேன். சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் என் பக்கம் நின்று மன்றாடினார்கள். அந்த அம்மா அவனுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள், தன் மகள் திட்டத் திட்ட. மருமகள் மட்டும் இறங்கி வரவில்லை. வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டு போனாள். முதலில் வாரம் ஒருமுறை இருவரும் போனில் பேசினார்கள் என்று நினைக்கிறேன். இவன் என்ன பேசியிருப்பான் என்பது அந்தக் கடவுளுக்கே தெரியாது. பிறகு அதுவும் நின்றது. ஆபீஸில் முன்பு சிரித்துக்கொண்டு சொன்ன அந்தத் தமிழ் வார்த்தைகளை ஒருவரும் அவன் எதிரில் சொல்வதில்லை என்று அந்தப் புதுப் பெண் என்னிடம் சொன்னாள். நம்பர் போட்டுப் பேசுகிறார்களாம். அவள்தான் முதலில் நிறுத்தியவள். அன்றைக்குப் போன் போட்டவள் இல்லையா.

அடுத்த வருஷக் கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்தே பிரிவு கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். கோர்ட்டில் நானும் சம்பந்தியும் துணைக்குப் போயிருந்தோம். கூப்பிடுகிற வரைக்கும் வெளியே நிற்க வேண்டும். வக்கீல்களும் வழக்குக்காரர்களும் உரசிக்கொண்டு போகிற நெரிசலில் அவர்கள் இருவரும் ஒரு தூணோரம் நின்றார்கள். பார்க்கிறவர்கள் புருஷன் பெண்டாட்டி வேறு யார் வழக்குக்கோ வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அவள் அவன் சட்டைக் காலரைப் பார்த்து, "அயர்ன் பண்ணலையா?" என்றாள். அவன் இல்லை என்று தலையாட்டினான்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஆபீஸ்ல அதை மாத்திட்டீங்களா?" என்றாள்.

"மாத்திட்டேன். ஜன்னல் வெச்சாச்சு."

"இப்ப யாரும் கூப்பிடறதில்லையே?"

"இல்ல."

"மாசம் ஆகும்னீங்களே. அவ்வளவு நாள் ஆச்சா?"

அவன் தரையைப் பார்த்தான். நான் அவன் பக்கத்தில்தான் நின்றேன். ஆமாம், மாதத்துக்கு மேலேயே ஆயிற்று என்று சொல்லடா என்று எனக்குத் தொண்டை வரை வந்தது.

"நாலு நாள்," என்றான்.

அவள் பக்கத்தில் இருந்த தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து சேவகர் வந்து இருவர் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். அவள் முன்னால் போனாள், அவன் பின்னால் போனான்.